அமெரிக்க நெடுஞ்சாலையோர இராட்சத மனிதச் சிலைகளின் கைகள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன?

கடைகளின் முன்னே விளம்பரத்துக்காக நிறுத்திய இந்தச் சிலைகளைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் பேசுவார்கள். நீங்கள் கைகளைக் கவனித்திருக்கிறீர்கள். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

இல்லினாய் மாநிலத்தில் அட்லாண்டா என்றொரு சிற்றூர் இருக்கிறது; ஜார்ஜியாவின் பெருநகரம் அல்ல. பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊர் வழியாகத்தான் போனது. அங்கே 19 அடி உயர மனிதர் ஒருவர் ஆளை மிஞ்சும் ஒரு ஹாட் டாக்கை ஏந்தி நிற்கிறார். காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். வலது உள்ளங்கை வானத்தை நோக்கி இருந்தது, இடது உள்ளங்கை தரையை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. தின்பண்டத்தை யாராவது அப்படிப் பிடிப்பார்களா? ஹாட் டாக்கை மனத்தால் அகற்றிவிட்டு அங்கே ஒரு கோடரியை வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது.

ஆம், அவை மரம்வெட்டியின் கைகள். 1960களின் தொடக்கத்தில் பாப் பிரூவிட் என்பவர் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகர உணவகம் ஒன்றுக்காக, அமெரிக்க நாட்டுப்புறக் கதைகளின் இராட்சத மரம்வெட்டியான பால் பன்யனை ஃபைபர்கிளாஸில் செய்தார். பிறகு அந்த வார்ப்பு அச்சு, கலிபோர்னியாவின் வெனிஸ் பகுதியில் இருந்த இன்டர்நேஷனல் ஃபைபர்கிளாஸ் நிறுவனத்தின் ஸ்டீவ் டாஷூவிடம் போனது. படகு செய்துவந்த நிறுவனம் அது. படகின் உடலைச் செய்வதுபோலவே அச்சுக்குள் கண்ணாடி இழையை விரித்து, பிசின் பூசி, இறுகியதும் உரித்தெடுப்பார்கள். தலை, உடல், கைகள், கால்கள் எல்லாம் தனித்தனித் துண்டுகள். புதிய அச்சு செய்வது பெரும் செலவு. ஆகவே தாடியை எடுத்தார்கள், தொப்பியை மாற்றினார்கள், கௌபாய் ஆக்கினார்கள். கைகளைப் பெரும்பாலும் தொடவில்லை.

கோடரி இருந்த இடத்தில் டயர் வந்தது, ராக்கெட் வந்தது, சைலன்சரும் வந்தது. சைலன்சருக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் மஃப்ளர். அதனால்தான் இவர்கள் அனைவருக்கும் ‘மஃப்ளர் மென்’ என்ற பெயர் நிலைத்தது. கழுத்தில் சுற்றும் மஃப்ளருக்கும் இதற்கும் தொடர்பில்லை!

எனக்கு மிகவும் பிடித்தது இவற்றின் எளிய வணிக அறிவு. வேகமாக வரும் காரின் ஓட்டுநர் கடையைத் தாண்டிப் போவதற்குள் பிரேக்கை அழுத்த முடிவுசெய்ய வேண்டும். எழுத்துப் பலகையைப் படிக்க அவருக்கு நேரமில்லை. இருபதடி மனிதனோ வெகு தொலைவிலேயே தெரிவான். ஒரு சிறிய டயர் கடைக்காரர் இரண்டாயிரம் டாலரை ஒட்டிய விலையில் ஊருக்கே அடையாளமாகிவிட முடிந்தது. பின்னர் புதிய விரைவுச் சாலைகள் இந்த ஊர்களை ஒதுக்கிவிட்டுப் போயின. 1970களில் சிலை உற்பத்தியும் நின்றது. நின்றிருந்தவை பல வெயிலில் வெளுத்தன, உடைந்தன, குப்பைக்குப் போயின.

அட்லாண்டாவின் ஹாட் டாக் மனிதர் முதலில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஓர் உணவகத்தின் முன் நின்றவர். கடை மூடப்பட்ட பின் 2003-இல் இந்த ஊர் அவரைக் கொண்டுவந்தது. இல்லினாயின் வில்மிங்டனில், ஒரு சாலையோர உணவகத்தின் முன்னே 1965 முதல் ராக்கெட்டோடு நின்ற ‘ஜெமினி ஜயன்ட்’ என்ற இன்னொரு மஃப்ளர் மனிதர் 2024-இல் ஏலத்துக்கு வந்தபோது, எங்கோ ஒரு தனியார் தோட்டத்துக்குப் போய்விடுமோ என்று நான் உண்மையிலேயே கலங்கினேன். ஜோலியட் வட்டார வரலாற்று அருங்காட்சியகம் 2,75,000 டாலர் கொடுத்து வாங்கி, வில்மிங்டன் ஊரின் பூங்காவிலேயே நிறுத்தியிருக்கிறது. அந்தப் பக்கம் போனால் ராக்கெட்டைப் பிடித்திருக்கும் கைகளைப் பாருங்கள். வலது கை மேல்நோக்கி, இடது கை கீழ்நோக்கி.