மலைக்கு நாயும் வரலாமா?

கேள்வி: வார இறுதியில் குடும்பத்தோடு மலையில் கூடாரமடித்துத் தங்கவிருக்கிறோம். எங்கள் நாயையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: தாராளமாகச் செல்லலாம், அங்கே வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் நாய்க்கும் குமட்டும் என்பதால், புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே அதன் உணவை முடித்துவிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே இரவில் வெளியே கட்டிப்போடாமல், தடித்த விரிப்பிட்டுக் கூடாரத்துக்குள்ளேயே படுக்க வையுங்கள். எல்லாவற்றையும்விடப் பெருந்தொல்லை உண்ணிதான்: புல்வெளியில் திரிந்து வந்ததும் காது மடிப்பு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்த்து, உண்ணி கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள், எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டவே வேண்டாம். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால், குடிநீரையும் நீங்களே எடுத்துச் செல்லுங்கள்.