நிக்கானோரின் செம்புக் கதவு

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தம் ஐரோப்பா போயிருந்தபோது ஒரு யூத ஆலயத்தைப் பார்த்தேன். கதவு முழுக்க உலோகப் புடைப்பு வேலை. இரண்டு சிங்கங்கள், கிரீடம், ஏழு கிளை விளக்கு. உருவம் செய்யாதே என்று கட்டளை பெற்ற மதத்தில் இதெல்லாம் எப்படி வந்தது? வெறும் அலங்காரமா?

ர.

அன்புள்ள ர.,

அலங்காரம் மட்டும் என்று நான் சொல்லமாட்டேன். யூத வேதத்தின் யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் விலக்குவது வணங்குவதற்கான உருவத்தை. அதே நூலின் 31ஆம் அதிகாரத்தில் பொன், வெள்ளி, வெண்கல வேலைத் திறனைப் பெசலெயேல் என்ற கைவினைஞருக்குக் கடவுளே கொடுக்கிறார்.

சிங்கம் யூதா குலத்தின் அடையாளம். யூதரின் மூதாதை யாக்கோபு சாகும் தறுவாயில் தன் மகன் யூதாவைச் சிங்கக்குட்டி என்றார். கிரீடம் தோரா என்ற வேத நூலுடையது.

என் மனம் நிற்பது விளக்கில்தான். பொ.ஆ. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை எரித்து, அதன் விளக்கைத் தூக்கிச் சென்றனர். ரோமில், அந்தப் படையை நடத்திய தீத்துவின் வெற்றி வளைவில் அந்த ஊர்வலத்தை இன்றும் பார்க்கலாம். ஆலய விளக்கைப் போல ஏழு கிளையோடு செய்யாதே, வேறு உலோகத்திலும் வேண்டாம், ஐந்தோ ஆறோ எட்டோ செய்துகொள் என்கிறது யூதச் சட்ட விளக்க நூலான தல்மூத். அதனால் இந்த விதியைப் பேணுகிறவர்களிடம் ஏழு கிளை விளக்கு, ஏற்ற முடியாத சித்திரமாகவே தரையிலும் சுவரிலும் கதவிலும் இருக்கிறது. அதில் எண்ணெய் ஊற்ற இடமில்லை. அந்த வெறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கதவைப் பற்றியே ஒரு கதை உண்டு. அலெக்சாந்திரியாவிலிருந்து நிக்கானோர் என்பவர் அந்த எருசலேம் ஆலயத்துக்கு இரட்டைக் கதவைக் கப்பலில் கொண்டுவந்தார். புயலில் பாரம் குறைக்க ஒரு கதவைக் கடலில் தள்ளினார்கள். அடுத்ததைத் தள்ள வந்தபோது அவர் அதைக் கட்டிக்கொண்டு, “என்னையும் சேர்த்துத் தள்ளுங்கள்” என்றார். கடல் அடங்கியது. துறைமுகம் சேர்ந்தபோது முதல் கதவு கப்பலுக்கு அடியிலிருந்து மேலே வந்தது. பின்னாளில் ஆலய வாயில்களெல்லாம் பொன்னாக மாற்றப்பட்டபோதும் நிக்கானோர் வாயிலை மட்டும் செம்பாகவே விட்டார்கள். அற்புதம் நிகழ்ந்த கதவு என்பதால் என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. செம்பே பொன்போல ஒளிர்ந்ததால் என்போரும் உண்டு.

1902இல் எருசலேமின் ஸ்கோப்பஸ் மலைக் கல்லறை ஒன்றில் இறந்தவர் எலும்புகளை இட்டுவைக்கும் ஒரு பேழை கிடைத்தது. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன்மேல் கிரேக்கத்தில் பொறித்திருப்பது: கதவுகளைச் செய்த அலெக்சாந்திரியா நிக்கானோரின் குடும்பத்தார் எலும்புகள்.