எம்எல்எச்1 ஏன் காணாமல் போகிறது? கேள்வி பதில்

புற்றுத்திசுக்களில் மரபணுச் சோதனை செய்வது என் அன்றாட வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தந்தைக்கு வயது 74. பெருங்குடல் புற்றுநோய். அறிக்கையில் ‘எம்எல்எச்1 புரதம் இல்லை’ என்றிருக்கிறது. பரம்பரை நோயா? எங்களுக்கும் வருமா?

பதில்: இந்த வயதில் பெரும்பாலும் பரம்பரை அல்ல. ஆனாலும் உறுதிசெய்யாமல் விடக் கூடாது. டிஎன்ஏவைப் படியெடுக்கையில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்களில் ஒன்று எம்எல்எச்1. அதற்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், இடையிடையே கிடக்கும் நல்ல செல்களின் உட்கரு பழுப்பாகவும், சூழ்ந்திருக்கும் புற்றுச் செல்களின் உட்கரு வெளிறிய நீலமாகவும் தெரியும். அந்த நீலத்தைத்தான் ‘இல்லை’ என்று எழுதுகிறோம்.

இதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். மரபணுவின் எழுத்தே பிறவியிலிருந்து பிழையாக இருப்பது ஒன்று. அதுதான் லிஞ்ச் நோய்க்குறி. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. மற்றதில் எழுத்து ஒன்றுகூட மாறியிருக்காது. மரபணுவின் தொடக்கத்தில் மெத்தில் தொகுதிகள் என்ற சிறு வேதித் துணுக்குகள் மொய்த்துக்கொள்ள, செல்லால் அதைப் படிக்க முடியாமல் போகும். முதியவர்களிடம் அதிகம் காண்பது இதைத்தான். அநேகமாக இது பிள்ளைகளுக்குப் போவதில்லை.

கட்டியில் பிராஃப் என்ற மரபணுவின் வி600இ மாற்றமோ (பரம்பரையல்லாத வகையில் அடிக்கடி காணும் எழுத்து மாற்றம் இது), எம்எல்எச்1 மீது மெத்திலோ இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் தந்தைக்கு ரத்தத்தில் மரபணுச் சோதனை தேவை. கட்டியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் மரபணு மாறுமா?

பதில்: சர்க்கரை நேராக எழுத்தை மாற்றுவதில்லை. புகையிலைப் புகை மாற்றுகிறது. புகைப்பதை விடுங்கள்.

கேள்வி: மாமியாருக்கு மார்பகப் புற்றுநோய். என் மனைவிக்கு வருமா?

பதில்: குடும்ப வரலாற்றோடு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். மெழுகு பிளாக் எங்கே இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள்.

கேள்வி: மெத்தில் படிவது வெறும் விளைவுதானே? புற்றுக்குக் காரணம் மரபணு எழுத்து மாற்றம் மட்டும்தான்.

பதில்: ஏற்க மாட்டேன். மேலே சொன்ன முதியவரின் கட்டியையே எடுங்கள். மெத்தில் எம்எல்எச்1ஐ மூடிய பிறகுதான் எழுத்துப்பிழைகள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன.

அவரே மீண்டும்: அந்த மெத்திலுக்கும் முன்பே பிராஃப் மாறியிருக்கிறதே?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ரம்பப் பல் போன்ற விளிம்புடைய குடல் கட்டிகளில் பிராஃப் மாற்றம் முதலில் தோன்றுகிறது, மெத்தில் பின்னால் வருகிறது. ஆனால் எல்லாப் புற்றுக்கும் அதுவே வரிசை அல்ல. குழந்தைகளின் பின்மூளையில் வரும் ஒருவகை எபென்டிமோமா என்ற மூளைக்கட்டியின் மரபணுத்தொகுதியைப் படித்து 2014இல் வெளியான ஆய்வில், திரும்பத் திரும்ப வரும் எழுத்து மாற்றம் எதுவும் கிடைக்கவில்லை. மெத்தில் அமைப்பு மட்டும் தெளிவாக மாறியிருந்தது. ரத்தப் புற்றிலோ, மெத்தில் ஒட்டும் டிஎன்எம்டி3ஏ நொதியின் மரபணுவே அடிக்கடி பிழையாகிறது. எது முந்தியது என்பதைக் கட்டிக்குக் கட்டி பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கீரையும் மஞ்சளும் மெத்திலை நீக்குமாமே?

பதில்: அவற்றை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். மெத்திலைக் குறைக்கும் அசாசிடிடின் மருந்து 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது எலும்பு மஜ்ஜைக் கோளாறு ஒன்றுக்கு. அந்த மருந்தாலும் வேண்டிய மரபணுவை மட்டும் தேர்ந்து திறக்க முடியாது.

கேள்வி: அத்தைக்கு 42 வயதில் குடல் புற்று, எம்எல்எச்1 இல்லை. எங்களுக்கு வருமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள் என்று முடித்திருப்பேன். 42 என்ற வயது என்னை விடவில்லை. முதலில் சோதிக்க வேண்டியது அத்தையின் ரத்தத்தை, உங்களுடையதை அல்ல. பிறவிப் பிழை உறுதியானால் அடுத்து உங்கள் தந்தை, அவரிடமும் இருந்தால் நீங்கள். அது இருப்பவர்களுக்குக் கொலோனோஸ்கோப்பி 20 முதல் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். அந்த மெழுகு பிளாக் எங்கே இருக்கிறது என்று இன்றே கேளுங்கள்.