அமெரிக்காவில் அரசுத் துறைக்கு எதிரான வழக்கு தள்ளுபடியானால், மேல்முறையீட்டில் என்ன நடக்கும்?

கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தியதா என்று மேல் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வதுதான் மேல்முறையீடு. விடைத்தாள் மறுமதிப்பீடு மாதிரி: ஏற்கெனவே எழுதிய தாளைத்தான் இன்னொருவர் திருத்துவார், புதிதாக எதையும் எழுதிச் சேர்க்க முடியாது.

மத்திய அரசுத் துறைகள் மீதான வழக்குகள் பல, நியாயம் யார் பக்கம் என்று பார்ப்பதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன. அரசு தானே சட்டம் இயற்றிச் சம்மதித்த வகையில் மட்டுமே அதன் மீது வழக்குப் போட முடியும் என்பது அங்கே பழைய விதி. உதாரணமாக, அரசு ஊழியரின் கவனக்குறைவால் காயம்பட்டவர் முதலில் அந்தத் துறையிடமே 2 ஆண்டுகளுக்குள் எழுத்தில் இழப்பீடு கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நேராக நீதிமன்றம் போனால் தள்ளுபடிதான். இந்த மாதிரி நேரத்தில், காலக்கெடு மிச்சமிருந்தால், மேல்முறையீட்டை விட அந்தப் படியை முடித்துவிட்டு மறுபடி வழக்குப் போடுவதே நல்லது. அதனால் உத்தரவில் சொல்லியிருக்கும் காரணத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

சரி, மேல்முறையீடுதான் வழி என்றால் நாளைத் தவற விடாதீர்கள். சாதாரண சிவில் வழக்குக்கு 30 நாள். எதிர்த்தரப்பு மத்திய அரசுத் துறை என்றால், தீர்ப்பு பதிவானதிலிருந்து 60 நாள். மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வது தீர்ப்பு தந்த அதே கீழ் நீதிமன்றத்தில்.

மேல்முறையீட்டில் ஜெயித்தால் இழப்பீடு உடனே கைக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக வழக்கு கீழ் நீதிமன்றத்துக்கே திரும்பி, நின்ற இடத்திலிருந்து தொடரும்.