13 வயதுக் கைதி: யோரிடோமோவின் இளமை பற்றிச் சில கேள்விகள்

ஜப்பானில் 1192-இல் ஷோகன் என்ற படைத்தலைமைப் பட்டம் பெற்று, காமகுராவில் சாமுராய் ஆட்சியை நிறுவியவர் மினமோட்டோ நோ யோரிடோமோ. அவர் வென்ற கதை பலருக்கும் தெரியும். வாளெடுப்பதற்கு முந்தைய 33 வருஷங்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பெயருக்கு நடுவில் அந்த ‘நோ’ எதற்கு?

‘உடைய’ என்று பொருள். மினமோட்டோ குலத்து யோரிடோமோ, அவ்வளவுதான். அப்பா யோஷிடோமோ, தம்பி யோஷிட்சுனே. முதலில் தலை சுற்றும், பழகிவிடும்.

கேள்வி: இவர் மூன்றாவது மகன் என்கிறார்களே, அப்புறம் எப்படி வாரிசானார்?

அம்மாவால். இவருடைய தாய், புகழ்பெற்ற அட்சுதா கோயில் தலைமைப் பூசாரியின் மகள். ஃபுஜிவாரா வம்சம், அரச குடும்பம் வரை பழக்கம். அண்ணன்கள் இருவருக்கும் அப்படிப்பட்ட தாய்வழி இல்லை. அதனால் சிறு வயதிலேயே இவருக்குத் தலைநகரில் அரண்மனை வேலைகள் கிடைத்தன.

கேள்வி: 13 வயதில் போருக்குப் போனாரா? நம்ப முடியவில்லையே.

போனார். 1159 கடைசியில், எதிரணித் தலைவர் தைரா நோ கியோமோரி தீர்த்த யாத்திரை போயிருந்த நேரம் பார்த்து, யோஷிடோமோவும் சில பிரபுக்களும் தலைநகர் கியோட்டோவில் ஆட்சியைப் பிடித்தார்கள். பையனுக்கும் அரண்மனைக் காவல்படையில் ஒரு துணைத்தளபதிப் பதவி வந்தது. பதவி நீடித்தது சில நாள்தான். கியோமோரி திரும்பி வந்து எல்லாவற்றையும் நொறுக்கிவிட்டார்.

கிழக்கே ஓடும் வழியில், பனியில் பையன் கூட்டத்தைவிட்டுப் பிரிந்துவிட்டான். குதிரை மேலேயே தூங்கிப்போனான் என்கின்றன போர்க்கதைகள். அந்த வயதுக்கு அது நடக்கக்கூடியதுதான். அப்பா, தன் வீரன் ஒருவனின் மாமனார் வீட்டை நம்பித் தங்கி, அங்கேயே கொல்லப்பட்டார். குளிக்கும் இடத்தில் வைத்து என்பது வழிவழிக் கதை. மூத்த அண்ணன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இரண்டாவது அண்ணன் காயத்தோடு வழியிலேயே இறந்தார். 1160 தொடக்கத்தில் இவரும் சிக்கினார்.

கேள்வி: எதிரியின் வாரிசைக் கையில் வைத்துக்கொண்டு கியோமோரி ஏன் விட்டுவைத்தார்? மடத்தனம் இல்லையா?

கியோமோரியின் சிற்றன்னை, கணவரை இழந்து துறவு பூண்ட இகே நோ ஸென்னி, இறந்துபோன தன் மகனின் சாயல் இந்தப் பையனிடம் இருப்பதாகச் சொல்லிக் கெஞ்சினாராம். அழகான கதை. ஆனால் எனக்கு அது மட்டும் போதுமானதாகத் தோன்றவில்லை. பையன் சிறிது காலம் பணிசெய்தது, பதவி துறந்த பேரரசர் கோ-ஷிராகாவாவின் அக்காள் மாளிகையில். தாய்வழிச் சொந்தங்களும் அந்தப் பக்கம்தான். சிபாரிசு அங்கிருந்தும் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுவதில் நியாயம் இருக்கிறது. தவிர, முற்றிலும் ஜெயித்துவிட்ட கியோமோரிக்குச் சொத்தும் படையும் இல்லாத ஒரு சிறுவன் அன்று பயமாகத் தெரிந்திருக்கமாட்டான்.

கேள்வி: இசுவில் 20 வருஷம் சிறையிலா கிடந்தார்? சாப்பாட்டுக்கு என்ன வழி?

சிறை இல்லை. தலைநகரிலிருந்து தள்ளி, இசு தீபகற்பத்தில், உள்ளூர்த் தலைவர்களின் கண்காணிப்பில் வைத்தார்கள். ஹிருகாகோஜிமா என்ற இடம் என்பது மரபு. பெயருக்கு ‘அட்டைத் தீவு’ என்று அர்த்தம், ரத்தம் குடிக்கும் அட்டைதான். பௌத்த சூத்திரம் ஓதுவது, செத்த உறவினருக்காக வேண்டுவது, சில நாள் வேட்டை. இப்படித்தான் போனது வாழ்க்கை.

சோறு போட்டவர்கள் செவிலித்தாய்கள். இந்த இடத்தைப் பலரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் முக்கியம். அந்தக் காலத்து ஜப்பானில் செவிலி என்றால் பாலூட்டிய பெண் மட்டுமில்லை. அவள் கணவன், மகன், மருமகன் எல்லாரும் அந்தக் குழந்தைக்குக் கடமைப்பட்டவர்கள். ஹிகி என்ற ஊர்ப்பக்கத்துச் செவிலி ஒருவர், 1180 வரை விடாமல் இவருக்கு வேண்டியதை அனுப்பிக்கொண்டே இருந்தார். அவருடைய மருமகன் அடாச்சி மோரினாகா கூடவே இருந்து பணிசெய்தார். இன்னொரு செவிலியின் சகோதரி மகன் மியோஷி யாசுனோபு, கியோட்டோவில் அதிகாரி. மாதம் மூன்று முறை தலைநகர்ச் செய்தியை எழுதி அனுப்பினார். காட்டில் கிடந்தவருக்கு அரண்மனை ரகசியம் தெரிந்தது இப்படித்தான். பின்னால் காமகுராவின் வழக்கு விசாரணை மன்றத்துக்கு அந்த யாசுனோபுவைத்தான் தலைவராக்கினார்.

கேள்வி: காவலுக்கு இருந்தவரின் மகளையே காதலித்தாராமே?

ஒரு முறை இல்லை, இரண்டு முறை! முதலில், ‘இதோ’ குலத்துச் சுகேசிக்காவின் மகள். அப்பா தலைநகரில் காவல்பணியில் இருந்த சமயம் ஆண் குழந்தை பிறந்தது. திரும்பி வந்தவர், தைராக்களுக்குப் பயந்து, மூன்று வயதுப் பேரனைத் தண்ணீரில் அமிழ்த்திக் கொன்றார் என்கின்றன பிற்காலக் கதைகள். சுகேசிக்காவின் மகனே முன்கூட்டி எச்சரித்ததால் யோரிடோமோ தப்பினார். அந்த மகனும் ஹிகி செவிலியின் மருமகன்தான்.

அடுத்து ஹோஜோ தோக்கிமாசாவின் மகள் மசாக்கோ. இங்கேயும் அப்பா எதிர்த்தார், மகள் கேட்கவில்லை. 1186-இல் ஒரு சந்தர்ப்பத்தில் கணவர் கோபப்பட்டபோது, ‘இருட்டில் வழிதவறி, கொட்டும் மழையில் உங்களிடம் வந்தவள் நான்’ என்ற கருத்தில் மசாக்கோ அதை நினைவூட்டியதாகக் காமகுரா ஆட்சியின் வரலாற்றேட்டில் பதிவு இருக்கிறது.

கேள்வி: 20 வருஷம் பொறுத்தவர் திடீரென்று ஏன் கிளம்பினார்?

1180-இல் இளவரசர் மோச்சிஹிதோ, தைராக்களுக்கு எதிராக எழச் சொல்லி மினமோட்டோக்களுக்கு ஆணை அனுப்பிவிட்டுத் தானும் மாண்டார். ஆணையைப் பெற்றவர்களுக்கு ஆபத்து, வடக்கே ஓடிவிடுங்கள் என்று யாசுனோபு ஆளனுப்பினார். சும்மா இருந்தாலும் சாவு என்ற நிலை. எட்டாம் மாதம், மிஷிமா கோயில் திருவிழா ராத்திரியில் தைராக்களின் ஆளான யாமாக்கி கனேடாக்காவைத் தாக்கிக் கொன்றார். ஒரே வாரத்தில் இஷிபாஷியாமாவில் தோற்று மலையில் ஒளிந்தார். படகேறிக் கடல் தாண்டிப் போனவர், பத்தாம் மாதத் தொடக்கத்தில் பெரும்படையோடு காமகுராவுக்குள் நுழைந்தார்.

கேள்வி: உயிர்ப்பிச்சை போட்டவர்களுக்கு நன்றி காட்டினாரா?

இகே நோ ஸென்னியின் மகன் யோரிமோரி தைரா குலத்தவர்தான். போரில் அவரைக் காப்பாற்றி, நிலங்களையும் திருப்பித் தந்தார். 1160-இல் தன்னைப் பிடித்து, அப்புறம் அன்பாக நடத்திய முனேகியோவையும், யோரிமோரியோடு 1184-இல் காமகுராவுக்கு வரச்சொல்லிக் காத்திருந்தார். முனேகியோ வரவில்லை. தோற்றுக்கொண்டிருந்த தன் தைரா எஜமானர்களோடு இருக்க, யாஷிமாவுக்குப் போய்விட்டார்.