கருப்பட்டியில் காய்ச்சும் இந்தோனேசிய இனிப்பு சோயா சாஸ்

கேள்வி: ‘நாசி கோரெங்’ என்னும் இந்தோனேசிய வறுத்த சோற்றின் செய்முறைகளில் ‘கெச்சாப் மானிஸ்’ என்னும் இனிப்பு சோயா சாஸ் சேர்க்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் அது கிடைப்பதில்லை. சாதாரண சோயா சாஸில் சர்க்கரையைக் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். நிறமும் வரவில்லை, மணமும் வரவில்லை. வீட்டிலேயே முறையாகச் செய்ய வழி உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நிச்சயமாக உண்டு. தென்னை, அரெங்கா பனை ஆகியவற்றின் பாளையைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் வெல்லத்தைத்தான் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் இந்தச் சாஸுக்குக் காலங்காலமாகச் சேர்த்து வருகிறார்கள். அந்த வெல்லத்தின் லேசான புகை வாசனையும் அடிநாக்கில் தங்கும் மெல்லிய கசப்பும் வெள்ளைச் சர்க்கரையில் இல்லை. சோயா நொதித்தலைச் சீனர்களிடமிருந்து பெற்ற ஜாவா, தன் மண்ணின் வெல்லத்தை அதில் தாராளமாகச் சேர்த்துத் தனக்கென்று ஒரு சாஸை உருவாக்கிக்கொண்டது. இன்று இந்தோனேசியா முழுவதும் விற்கும் ‘பாங்கோ’ சாஸும் 1928-இல் ஜாவாவின் டாங்கெராங் நகரில் ஒரு குடும்பத்தின் சிறு தொழிலாகத் தொடங்கியதுதான்.

நாகர்கோவில்காரரான உங்களுக்குக் கருப்பட்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் நம் பனைமரத்தின் பதநீரையே காய்ச்சி உணவாக்கிக்கொள்கிறார்கள் என்பதால், இந்தச் சாஸில் பனங்கருப்பட்டியைச் சேர்ப்பதை ஒட்டாத மாற்று என்று நான் கருதவில்லை. தென்னங்கருப்பட்டி கிடைத்தால் ஜாவாவின் சுவைக்கு இன்னும் நெருங்கி வரும். சர்க்கரை கலக்காத கருப்பட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

250 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 100 மில்லி தண்ணீரில் இளஞ்சூட்டில் கரைத்து, மண்ணும் தூசியும் போகும்படி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இந்தப் பாகை அடிகனமான பாத்திரத்தில் மறுபடி ஏற்றி, நிறம் சற்றுக் கறுத்து, தீய்வதற்கு முந்தைய மணம் எழும் வரை காய்ச்சுவதுதான் முக்கியமான கட்டம். இதைத் தவிர்த்துவிட்டால் சாஸ் வெறும் இனிப்புத் தண்ணீராகவே இருக்கும். பிறகு அடுப்பைக் குறைத்து, 250 மில்லி சோயா சாஸைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். ஒரே மூச்சில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கிக் கையைச் சுடும். அன்னாசிப்பூ ஒன்று, விரல் நீளத்தில் பாதியளவு பட்டை, தட்டிய பூண்டு மூன்று பல், பேரரத்தை நான்கு வில்லை ஆகியவற்றைப் போட்டு, கொதி வந்தும் வராமலும் பதினைந்து இருபது நிமிடம் வைத்திருங்கள். பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததாகவே கிடைக்கும். அப்படியானால் இரண்டு சிறு துண்டு போதும்.

அடுப்பில் இருக்கும்போதே தேன் போலக் கெட்டியாகிவிட்டால், ஆறிய பின் கரண்டியில் எடுக்க வராத அளவுக்கு இறுகிவிடும். ஆகவே ஒரு துளியைக் குளிர்ந்த தட்டில் விட்டுச் சரித்துப் பாருங்கள்; அது மெதுவாக, கனத்து ஓடினால் உடனே இறக்கிவிடலாம். கெட்டிப்படுத்தச் சோள மாவு சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. அது கொழகொழப்பைத் தருமே தவிர, வெல்லப் பாகுக்குரிய பளபளப்பைத் தராது, சேர்க்காதீர்கள். மசாலாவை வடித்துவிட்டு, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மாதமேனும் கெடாது.

கேள்வி: சோயா மொச்சையிலிருந்தே தொடங்கி வீட்டில் நொதிக்க வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஜாவாவின் பழைய முறையில், கறுப்புச் சோயாவை ஊறவைத்து அவித்து, மூங்கில் தட்டில் பரப்பிப் பூஞ்சை படர விடுகிறார்கள், பிறகு வெயிலில் காயவைத்து, கடும் உப்புநீரில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஊறப்போட்டு, வடித்த சாற்றை வெல்லத்தோடு காய்ச்சுகிறார்கள். ஆர்வம் பாராட்டத்தக்கது, ஆனால் காற்றில் வரும் எந்தப் பூஞ்சையையும் நம்பி இதில் இறங்க வேண்டாம். நல்ல பூஞ்சைக்கு உறவான சில வகைகள், கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அதைக் கொதிக்க வைத்தாலும் முழுமையாக அழிக்க முடியாது. இதற்கென்றே தயாரித்த, நல்ல பூஞ்சையின் வித்தான நொதிவித்து கையில் கிடைத்தால் மட்டும் முயலுங்கள். இல்லாவிட்டால், இயற்கையாக நொதித்த சோயா சாஸை வாங்குங்கள். சேர்மானப் பட்டியலில் சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்ற நான்கோடு நின்றிருந்தால் நல்லது.

கேள்வி: கோதுமை ஒத்துக்கொள்ளாத என் மகனுக்கு இதைக் கொடுக்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: கடைச் சோயா சாஸ்களில் பெரும்பாலானவை கோதுமை சேர்ந்தவை என்பதால் அவற்றில் செய்ததைக் கொடுக்க வேண்டாம். கோதுமை இல்லை என்று தெளிவாக அச்சிட்ட ‘தமாரி’ என்னும் ஜப்பானியச் சோயா சாஸ் வகையை வாங்கி, மேலே சொன்ன அளவிலேயே காய்ச்சிக் கொடுங்கள். தமாரி சற்று அடர்த்தியானது. ஆகவே பத்து நிமிடத்திலேயே தட்டில் துளி விட்டுப் பார்க்கத் தொடங்குங்கள்.

கேள்வி: நாசி கோரெங் தவிர வேறு எதற்குப் பயன்படும்?
– வாசகர், மதுரை

பதில்: எனக்கு மிகவும் பிடித்தது, இந்தோனேசியாவில் சாத்தேவுக்கும் (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) பொரித்த மீனுக்கும் தொட்டுக்கொள்ளும் ‘சம்பல் கெச்சாப்’. சின்ன வெங்காயத்தையும் காந்தாரி மிளகாயையும் மெல்லியதாக அரிந்து, சாஸை ஊற்றி, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் முடிந்தது, அடுப்பே வேண்டாம். சாப்பிடும் நேரத்தில் கலந்தால்தான் வெங்காயம் மொறுமொறுப்பாக இருக்கும்.