பழைய வெளிநாட்டுக் காசுக்கு என்ன விலை கிடைக்கும்?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் 1967 பிரிட்டிஷ் பென்னி பதினைந்து இருக்கின்றன. நல்ல விலை போகுமா?

பதில்: போகாது. அந்த ஆண்டுக் காசு பல கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. தாத்தாவின் நினைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 1943 அமெரிக்க ஒரு சென்ட் பல லட்சம் என்று இணையத்தில் பார்த்தேன். என்னிடம் சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கிறது. எவ்வளவு கேட்கலாம்?

பதில்: இந்த ‘பல லட்சம்’ பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வருகிறது. விற்கிறவர் என்ன தொகை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். அந்தத் தொகையைக் கொடுத்து யாராவது வாங்கினார்களா என்று பாருங்கள். ஏலத்தில் விற்று முடிந்த விலைதான் கணக்கு.

போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் 1943-ல் துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள், நூறு கோடிக்கும் மேல். உங்களுடையது அதுதான். தவறுதலாகச் செம்புக் கலவையில் அடிபட்ட சிலவற்றுக்குத்தான் அந்தப் பெரிய விலை. அதனால் எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். சேகரிக்க ஆரம்பித்த புதிதில் நானும் ஒன்று வாங்கினேன், பல மாதச் சேமிப்பைக் கொடுத்து. வீட்டில் காந்தத்தைக் காட்டியதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் கவனித்தேன், விளிம்பில் முலாம் உரிந்து சாம்பல் தெரிந்தது. காந்தம் ஒட்டினால் வாங்காதீர்கள். ஒட்டாவிட்டாலும் ஆண்டைத் திருத்திய காசாக இருக்கலாம், நிபுணரிடம் காட்டுங்கள்.

ஆண்டுக்குக் கீழே உள்ள சின்ன எழுத்தையும் பாருங்கள், காசு எந்த ஊரில் அடித்தது என்று அது சொல்லும். 1909 சென்ட்டில் அங்கே ‘எஸ்’ இருந்து, பின்பக்கம் அடியில் ‘வி.டி.பி.’ என்று வடிவமைத்தவரின் முதலெழுத்துகளும் இருந்தால், அது 4,84,000 மட்டுமே அடித்த வகை. எழுத்தில்லாத 1909 சாதாரணம்.

கேள்வி: பழைய காசைப் பவுடர் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். வியாபாரி பாதி விலைதான் தருகிறார்.

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். தேய்த்த கீறல் லென்ஸில் தெரியும், போன மேற்பரப்பு திரும்பாது. தேய்ப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கேள்வி: ‘வெள்ளி ஷில்லிங்’ என்று எழுதியிருந்ததை நம்பி பிரிட்டிஷ் காசு இருபது வாங்கினேன். எல்லாம் 1948 முதல் 1951 வரை. வெள்ளியே இல்லை என்கிறார்கள்.

பதில்: வருத்தமாக இருக்கிறது. உங்கள் மேல் தப்பில்லை, எழுதி விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார். 1920-க்கு முந்தைய ஷில்லிங்கில் 92.5 சதவீதம் வெள்ளி, 1920 முதல் 1946 வரை பாதி, 1947 முதல் செம்பு-நிக்கல்தான். அந்த விளம்பரத்தை அவர் அழிப்பதற்குள் படமெடுத்து வையுங்கள். ஆண்டு தெரிய ஒவ்வொரு காசையும் படமெடுத்து, முழுப் பணத்தையும் எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பாதி தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.